டேல் பார்த்த நல்ல நேரம்

செத்தவீட்டுக்குப் போய்வந்த அமெரிக்க விவசாயி ஒருவர், வாசற்படி ஏறுமுன் வீட்டுப் பின்பக்கக் குழாயடியில் தலைமுழுகினார் என்று வாசித்ததும் றஜீனாவுக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாத சிரிப்பு. அந்தப் பதிவைத் தன் போனில் திறந்து கொடுத்த பெண்மணி எதிர்க் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சிரிப்பாகத்தான் இருக்கும்," என்றார் அவர் ஆங்கிலத்தில். "எங்கள் ஊரில் இதைப் படித்துவிட்டு அழாத ஆள் இல்லை."

பெயர் கத்தரின். ஐம்பதை நெருங்கும் வயது, வெயிலில் காய்ந்த முகம். அமெரிக்காவின் நடுவயிற்றில், சோளக்காட்டுக்குள் கிடக்கும் ஓட்டர் ரிட்ஜ் என்கிற சிறு மாவட்டத்தில், தேர்தல் அலுவலகத்தில் வேலை. அந்த ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்ரீனிவாஸ் யாரையோ விசாரித்துக் கொடுத்த முகவரியைப் பிடித்துக்கொண்டு, லண்டன் டூட்டிங்கில் மளிகைக்கடை ஒன்றின் மாடியில், கருவாட்டு வாசம் படியேறி வரும் இந்த அறைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

அறைக்குச் சொந்தக்காரர் வாமதேவன், துப்பறிவாளர். பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. வருகிற கேஸில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை: பெடியன் குடிக்கிறானா, பிரான்சில் ஏற்கெனவே ஒரு கலியாணம் இருக்கிறதா, சொன்ன வேலையில்தான் இருக்கிறானா. அவருக்கு ஒரே உதவியாளர் றஜீனா. லண்டனில் வளர்ந்த பிள்ளை, வாய் மட்டும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது.

"அங்கிள், இது மாப்பிள்ளைக் கேஸ் இல்லை," என்று தமிழில் சொன்னாள். "ஆளுக்கு எழுபது வயசு தாண்டியிட்டுது. பேர் டேல். மாடு வளக்கிறார். சீதனம் கேக்க மாட்டார்."

வாமதேவன் சிரிக்கவில்லை. "அவவைச் சொல்லவிடும் பிள்ளை."

கத்தரின் சொன்னார். "ஜனாதிபதித் தேர்தல் என்றால் ஓட்டர் ரிட்ஜ் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்சிக்குப் போடும். என் அப்பா அந்தக் கட்சி, அவருடைய அப்பாவும் அதே கட்சி. வரி என்ற சொல்லே எங்களுக்குப் பிடிக்காது. ஆனால் அதே வாக்குச்சீட்டின் அடியில் ஊர்க் கேள்விகள் வரும். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் வரி கொடுக்கலாமா, தீயணைப்பு வண்டி வாங்கலாமா என்று. அங்கே மட்டும் எங்களுக்குக் கட்சி கிடையாது. முணுமுணுத்துக்கொண்டே 'ஆம்' போட்டுவிடுவோம். போன தேர்தலில் மேல்பக்கம் எப்போதும்போல இருந்தது. அடியில் ஆஸ்பத்திரி தோற்றது. டவுனில் தோற்கவில்லை. பண்ணைப் பக்கத்துப் பெட்டிகளில் தோற்றது."

"பண்ணைப் பக்கத்துக்குப் புதிதாக என்ன வந்தது?" என்று கேட்டார் வாமதேவன்.

"டேல் வந்தார்."

ஊர்க்காரர்களின் முகநூல் குழுவில் தெற்கு மூலைப் பண்ணைக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர். யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆளுக்கு ஆள் பல மைல் தள்ளி இருக்கிற ஊரில் அது ஒன்றும் அதிசயமில்லை. மழை, மாடு, சோளம் என்று எழுதுவார். அரசியல் மூச்சுக்கூட விடமாட்டார். பக்கத்துப் பண்ணை ஏர்ல் செத்ததைப் பற்றி எழுதியதோடு ஊருக்கே பெரியப்பா ஆகிவிட்டார். தேர்தலுக்கு முன்பு ஒருநாள், வழக்கமான மழைப் பேச்சுக்கு நடுவே மூன்று வரி எழுதினார். ஆஸ்பத்திரி வரி நம் நிலத்தைத் தின்றுவிடும், காசெல்லாம் வெளியூர் டாக்டர்களுக்குத்தான் போகும், அடுத்த ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை.

"அவசரப் பிரிவை மூடிவிட்டார்கள்," என்றார் கத்தரின். "அதற்குப் பிறகு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. நான்தான் காரை ஓட்டினேன். பின்சீட்டில் படுத்திருந்தார். சோளக்காடு முடியவே இல்லை. ஒரு கட்டத்தில் பின்னாலிருந்து சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன்."

றஜீனாவின் வாயில் சிரிக்கவைக்கத் தயாராக இருந்த பகிடி அப்படியே செத்துப்போனது.

டேலின் பக்கம் பிரிட்டனிலிருந்து நடத்தப்படுகிறது என்று முகநூலே காட்டியிருக்கிறது. அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக் கேள்வி இரண்டாம் முறை வாக்கெடுப்புக்கு வருகிறது. அதிலும் தோற்றால் கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள். அதற்குள் டேல் யார் என்று ஊருக்குக் காட்ட வேண்டும்.

"இன்னொன்று," என்றார் கத்தரின். "அவர் எந்த நேரத்தில் எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம் வாயே திறக்கமாட்டார். திங்கட்கிழமை ஒரு நேரம், செவ்வாய்க்கிழமை வேறு நேரம். ஆனால் எல்லாத் திங்களும் ஒன்றுபோலத்தான்."

"ஷிப்ட் பிரேக்," என்றாள் றஜீனா. "சூப்பர்மார்க்கெட்டிலை எனக்கும் ஓய்வு அப்படித்தான் தந்தவங்கள்."

வாமதேவன் அவளைப் பார்த்தார், கத்தரினைப் பார்த்தார், பிறகு ஏர்லின் செத்தவீட்டுப் பதிவை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"பிள்ளை, குளிச்சது மட்டுமோ இருக்கு?"

"இல்லை அங்கிள். ஏர்லின்ரை மனுசியிட்டைச் சொல்லாமல் கொள்ளாமல் எழும்பி வந்தாராம். முப்பத்தோராம் நாள் வரைக்கும் வீட்டிலை இறைச்சி இல்லையாம். அண்டைக்கு எல்லாரையும் கூப்பிட்டுச் சாப்பாடாம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "அங்கிள். டேல் எங்கட ஆள்."

"ஓம். தமிழ்நாட்டுக்காரர் எண்டால் பெரும்பாலும் பதினாறோடை முடிச்சிருப்பினம். முப்பத்தொண்டு எண்டால் யாழ்ப்பாணம். எழுதினவர் ஆரையோ உண்மையாப் பறிகுடுத்திருக்கிறார். அழுகை பொய்யில்லை, பேர்தான் பொய்." அவர் கத்தரின் பக்கம் திரும்பி ஆங்கிலத்துக்கு மாறினார். "ஏர்ல் வீட்டு வாசலில் வண்டி நிறுத்துகிற கதையைக் கொஞ்சம் படியுங்கள்."

கத்தரினுக்கு அது மனப்பாடம். "'ஏர்ல் ஒருநாளும் வண்டியை மூக்கு உள்ளே போகிற மாதிரி விட்டதில்லை. பின்பக்கமாகத்தான் எடுத்து விடுவான், மூக்கு ரோட்டைப் பார்க்க வேண்டும். இரவில் யாருக்காவது ஆஸ்பத்திரி தேவைப்பட்டால் திருப்பிக்கொண்டு நிற்க நேரமில்லை என்பான். பின்னால் காத்து நிற்கிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அவன் கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு மெல்ல மெல்ல எடுப்பான்.'"

"உங்கள் ஊரில் பின்னால் காத்து நிற்பது யார்?"

கத்தரின் போனைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி பார்த்தார். "எங்கள் ஊரில் ஒரு ரோட்டில் இரண்டு வண்டி சேர்ந்து நின்றால் அது ஊர்வலம்," என்றார் கடைசியில். "நாங்கள் எப்படி இதைக் கவனிக்காமல் விட்டோம்?"

"அழுதுகொண்டு படித்தீர்கள்," என்றார் வாமதேவன்.

ஒடுங்கிய தெரு, வீட்டுக்கு முன்னால் ஒரு கார் மட்டும் அடங்குகிற சீமெந்துத் துண்டு, பின்னால் பொறுமையில்லாத லண்டன். அப்படி நிறுத்துகிற ஆள் கார் ஓட்டியே பிழைத்தவராகத்தான் இருக்க வேண்டும். வாமதேவன் போனை எடுத்து யோகராஜாவைக் கூப்பிட்டார். கிழக்கு லண்டனில் மினிகேப் என்கிற வாடகைக் கார் ஓட்டிய தமிழர்களில் பாதிப் பேர் யோகராஜாவிடம் வேலை செய்தவர்கள், மீதிப் பேர் அவரோடு சண்டை பிடித்தவர்கள்.

"பின்பக்கமா எடுத்து விடுறவரோ?" போனில் யோகராஜா சிரிப்பது அறை முழுக்கக் கேட்டது. "எங்கட கிருஷ்ணராசா அண்ணை. மனோர் பார்க். நானே பின்னாலை நிண்டு எத்தினை தரம் ஹார்ன் அடிச்சிருப்பன். மனுசன் கையைக் காட்டிப்போட்டுத் தன்ரை பாட்டில எடுக்கும். அந்தத் தெருவிலை ஆருக்குப் பிள்ளைப்பேறு எண்டாலும் அண்ணைதான் ஆஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போறது, காசும் வாங்காது. செத்து ஒண்டரை வருசமாகுது. மனுசி கமலேஸ்வரி அந்த வீட்டிலைதான். ஒரே மகன், லக்‌ஷன். கொம்பியூட்டர் வேலை."

"கொம்பியூட்டர்," என்றாள் றஜீனா, சீட்டாட்டத்தில் துருப்பு இறக்குகிற குரலில்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மூவரும் நோர்தேர்ன் லைன் ரயிலில் ஏறி, எலிசபெத் லைனுக்கு மாறி, கோயிலுக்குப் போகிற பெண்களின் பூப்பைகளுக்கு நடுவே நின்றுகொண்டு போனார்கள். றஜீனா தன் திட்டத்தை விளக்கினாள். தான் பார்சல் கொண்டுவந்த ஆளாகப் போவது, லக்‌ஷன் கையெழுத்துப் போட வரும்போது டேல் என்று கூப்பிடுவது, திரும்பிப் பார்த்தால் ஆள் அகப்பட்டான்.

வாமதேவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உம்மட வயசுப் பெடியங்கள் நல்ல நேரம் பாப்பினமோ பிள்ளை?" என்றார்.

"பாப்பினம். பார் வாசல்லை எழுதி ஒட்டியிருக்கும், ஹாப்பி அவர் எண்டு."

அவர் அதோடு விட்டுவிட்டார். கத்தரின் கண்ணாடிக்கு வெளியே ஓடும் வீட்டு வரிசைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். இவ்வளவு நெருக்கமாக மனிதர்கள் இருந்தால் ஆஸ்பத்திரியும் பக்கத்தில்தானே இருக்கும் என்றார். றஜீனாவுக்கு அந்தப் பயணம் நீண்டுகொண்டே போவது போலிருந்தது.

யோகராஜா சொன்ன தெருவில் அந்தக் கார் நின்றது. ஒரே அச்சான செங்கல் வீடுகளின் வரிசையில், ஒரு வாசலில் மட்டும், தூசி படிந்த பழைய கார் மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. அதைக் கண்டதும் கத்தரின் நடையை நிறுத்திவிட்டார். வாமதேவன் அவர் வரும்வரை பொறுத்து நின்று மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவர் அறுபது வயதுப் பெண்மணி. நெற்றியில் திருநீறு, கையில் ஈரம்.

"லக்‌ஷன் நிக்கிறாரோ அன்ரி?" என்றாள் றஜீனா.

"அவன் கலியாணம் முடிச்சுச் சட்டன் பக்கம் வீடெடுத்துப் போயிட்டான் பிள்ளை. நீங்கள் ஆர்?"

வாமதேவன் தன்னைச் சொன்னார், றஜீனாவைச் சொன்னார். கத்தரினைச் சொல்லும்போது ஊரையும் சேர்த்துச் சொன்னார், ஓட்டர் ரிட்ஜ் என்று. அந்தப் பெண்மணியின் பார்வை கத்தரினிடம் போனது. பிறகு கதவை அகலத் திறந்தார். றஜீனா அப்போதும் மாடிப்படியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மேலே கணினியோடு எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று.

சமையலறை மேசையில் மூடிய லேப்டாப் ஒன்று. அதற்கு நேர் மேலே சுவரில் நாட்காட்டி, தாள் கிழிக்கிற வகை. வாமதேவன் அதன் முன்னால் போய் நின்றார்.

"லக்‌ஷனைத் தேடாதையும் பிள்ளை," என்றார் மெதுவாக. "ஒவ்வொரு நாளும் ஒண்டரை மணித்தியாலம், நாளுக்கு நாள் வேறை நேரம், எல்லாத் திங்களும் ஒரே மாதிரி. நீர் ஷிப்ட் பிரேக் எண்டனீர்." பிறகு அந்தப் பெண்மணியிடம் திரும்பினார். "கமலேஸ்வரி அக்கா, டேலுக்கும் ராகு காலத்திலை வாய் திறக்கிற பழக்கமில்லை, என்ன?"

கமலேஸ்வரி அடுப்பை நிறுத்தினார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். மறுத்துப் பார்ப்பார் என்று றஜீனா எதிர்பார்த்தாள். எந்த மாப்பிள்ளையும் முதல் கேள்வியில் ஒத்துக்கொண்டதில்லை.

"ஓம். நான்தான்," என்றார் கமலேஸ்வரி. "ஊரிலை இங்கிலிஷ் படிப்பிச்சனான். இங்கை வந்து பள்ளிக்கூடத்திலை பிள்ளையளுக்குச் சாப்பாடு போட்டன். இவர் நோயாக் கிடக்கேக்கை ஒரு கம்பனி, அமெரிக்காவிலை வயசான ஆக்களோடை முகநூலிலை எழுதிப் பேச ஆள் தேடினது. அந்த ஊர் மழை, சோள விலை, ஆர் ஆர் எந்தக் கட்சி எல்லாம் அனுப்புவினம். நான் அரசியல் எழுதக் கூடாது. அந்த ஊர்ச் சனத்துக்கு என்னைப் பிடிக்க வேணும், அவ்வளவுதான் வேலை. இவர் செத்த பிறகு எனக்குப் பேச ஆளில்லை. அந்தச் சனத்தோடைதான் பேசினன். இவரைப் பற்றி இஞ்சை ஆருக்கும் சொல்லேல்லை. அங்கை சொன்னன்."

றஜீனா கத்தரினின் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"அந்த மூன்று வரி?" என்றார் வாமதேவன்.

"கம்பனிக்காரர் அனுப்பிச்சினம். நடுவிலை போடச் சொல்லிச்சினம். போட்டன். நல்ல நேரம் பாத்துத்தான் போட்டன். கிட்டடியிலை ஆஸ்பத்திரி இருக்கெண்டு எழுதியிருந்தது. கிட்டவெண்டால் எனக்கு ஒரு பஸ் தூரம். வேறை மாதிரி இருக்குமெண்டு நான் யோசிக்கேல்லை."

கத்தரின் அந்த வீட்டில் முதல்முறையாகப் பேசினார். பின்சீட்டைச் சொன்னார், சோளக்காட்டைச் சொன்னார், சத்தம் நின்றதைச் சொன்னார். கமலேஸ்வரி இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் பேசினார். அது வகுப்பறை ஆங்கிலம், டேலின் பேச்சே அல்ல. ஆனாலும் அந்த நிதானத்தைக் கேட்டதும் கத்தரின் முகம் மாறியது. இரண்டு வருடமாகக் காலையில் காப்பியோடு படித்த நிதானம் அது.

"உங்கள் அப்பா என்னைப் படித்தாரா?"

"தினமும். எனக்கு வாசித்துக் காட்டுவார்."

"அவர் எப்படிப் போட்டார்?"

கத்தரின் மூடிய லேப்டாப்பைப் பார்த்தார். "வேண்டாம் என்று போட்டார்," என்றார். "நானும் அப்படித்தான் போட்டேன். தேர்தல் அலுவலகத்தில் இருக்கிறேன். ஊர் எப்படிப் போடும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. டேல் சொன்னார், அதனால் போட்டேன். அப்பா செத்த பிறகு பார்த்தால், டேல் என்று ஒரு ஆளே இல்லாமல் இருந்தால் நல்லது என்று தோன்றியது. யாரோ ஏமாற்றினார்கள் என்றால் நான் போட்டது நான் போட்டது ஆகாது அல்லவா?"

இத்தனை தூரம் பறந்து வந்தது யாரைத் தேடி என்று றஜீனாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

கமலேஸ்வரி லேப்டாப்பைத் திறந்தார். "நான் இப்பவே எழுதுறன். டேல் எழுதுவார். தான் பிழையாச் சொல்லிப்போட்டன், ஆஸ்பத்திரிக்கு ஓமெண்டு போடுங்கோ எண்டு. அவை கேப்பினம். டேல் சொன்னால் கேப்பினம்."

"எழுதட்டும் அங்கிள்," என்றாள் றஜீனா. "ரெண்டே வரி. வேலை முடிஞ்சுது." அவளுக்கு அது நியாயமாகவே பட்டது. பொய்யால் பூட்டிய கதவைப் பொய்யாலேயே திறந்தால் யாருக்கு நட்டம்? ஆங்கிலத்தில் அதையே கத்தரினுக்கும் சொன்னாள்.

கத்தரின் லேப்டாப்பின் மூடியில் கை வைத்து மெதுவாக அதை மூடினார்.

"டேல் சொன்னார் என்று ஒருமுறை போட்டோம்," என்றார். "இன்னொரு முறையும் அவர் சொல்லித்தான் போடுவதா? வேண்டாம். யார் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஊர் என்ன போட்டாலும் அது ஊர் போட்டதாக இருக்கட்டும்."

"உங்களை நம்பமாட்டார்கள்," என்று கமலேஸ்வரியிடம் ஆங்கிலத்திலேயே சொன்னார் வாமதேவன். மறைத்துப் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. "லண்டனில் யாரோ ஒரு சேலைக்காரி டேலின் பக்கத்தைத் திருடிவிட்டாள் என்பார்கள்."

"சிலபேர் அப்படித்தான் சொல்வார்கள்," என்றார் கத்தரின். "ஆனால் ஏர்லை நினைத்து எல்லோரும் அழுதார்கள்."

கமலேஸ்வரி வெகுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை. எழுந்து முகத்தைக் கழுவினார், திருநீற்றைத் திரும்பப் பூசினார், முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். மூவரும் பின்னால் போனார்கள். காரின் மூக்குக்குப் பக்கத்தில் நின்று, அதன் தூசியைச் சேலைத் தலைப்பால் ஒருதரம் துடைத்தார்.

"இதிலை நிண்டு சொல்லுறன். வீடியோ எடுத்து டேலின்ரை பக்கத்திலையே போடுங்கோ. இவரின்ரை பேர் ஏர்ல் இல்லை, கிருஷ்ணராசா எண்டு சொல்லுவன். ஏன் மூக்கு வெளியாலை பாக்குதெண்டும் சொல்லுவன். ஏன் குளிச்சதெண்டும் சொல்லுவன். ஆஸ்பத்திரிக்கு ஆக்களைக் கொண்டு ஓடின மனுசன்ரை கதையை வைச்சுத்தான் ஆஸ்பத்திரியைப் பூட்டினனான் எண்டும் சொல்ல வேணும்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அதைச் சரிசெய்ய அவர் முயலவில்லை.

றஜீனா போனை உயர்த்திப் பிடித்தாள். சின்னச் சதுரத்துக்குள் காரும் அந்தப் பெண்மணியும் வந்தார்கள். அழுத்தப் போன விரல் பாதியில் நின்றது. சமையலறை நாட்காட்டியில் இன்றைய தாள் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, நண்பகல் ஆகவில்லை.

"அன்ரி, இப்ப ராகு காலம். பன்னிரண்டு மணி வரைக்கும் நிக்கட்டோ?" பகிடியாகக் கேட்கவில்லை.

கமலேஸ்வரி இல்லை என்று தலையசைத்தார்.

"பொய்க்கெல்லாம் நல்ல நேரம் பாத்தனான் பிள்ளை. இதுக்கு வேண்டாம். பட்டனை அமத்து."